விரிக்காத மரங்களுக்காகவே செல்லத்தக்க ஒரு கிறிஸ்துமஸ் மரத் திடல்

நவம்பர் இறுதியில் தொடங்கி டிசம்பர் 24 மாலையோடு முடிந்துவிடும் கிறிஸ்துமஸ் மர வியாபாரத்தில், வாங்குபவரின் கண்ணைக் கவர்வதும் மரத்துக்கு நல்லதும் பெரும்பாலும் எதிரெதிராகவே அமைந்துவிடுகின்றன. கிளைகளை முழுதும் விரித்து, நடைபாதையின் இருபுறமும் வெயில் படும்படி வரிசையாக நிறுத்தினால் மரம் விரைவாக விற்கும். அதே ஏற்பாட்டில்தான் அது விரைவாகக் காயவும் செய்யும். நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்ட விற்பனைத் திடல் இந்தச் சிக்கலில் துணிந்து மரத்தின் பக்கம் நின்றிருக்கிறது. முன்புறத்தில் இரகத்துக்கு இரண்டு மூன்று மரங்கள் மட்டுமே விரிந்து நிற்கின்றன. மற்றவை எல்லாம் வலைக்கட்டு அவிழ்க்கப்படாமல் பின்புறத்து நிழலில் இருக்கின்றன. முதன்முறை வருபவர் இங்கே சரக்கே இல்லை என்று எண்ணித் திரும்பிவிடக்கூடும். சிலர் திரும்பிச் செல்வதை நானே பார்த்தேன். என் கணிப்பில் இத்திடலின் தலையாய சிறப்பே அதுதான். குறைகளும் சில உள்ளன. அவற்றையும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன்.

வெட்டப்பட்ட ஊசியிலை மரம் வெட்டிய அன்றே இறந்துவிடுவதில்லை. வேர் இல்லாமற் போன பிறகும் அதன் இலைகள் நீராவியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். புதிதாக வெட்டிய மரத்தில் உள்ள நீரின் எடை, அதே மரத்தை முற்றிலும் உலர்த்திய பின் எஞ்சும் பொருளின் எடையைவிட மிகுதியாக இருக்கும். இந்தக் கையிருப்புதான் விற்பனைத் திடலில் நாள்தோறும் கரைகிறது. அது ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால், பிறகு எவ்வளவு நீரில் நிறுத்தினாலும் மரம் மீள்வதில்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புயாலப் ஆய்வு மையம் பல ஆண்டுகளாக வெட்டுமரங்களின் ஈரத்தையும் இலை உதிர்வையும் இரகம் இரகமாக ஆராய்ந்து வந்திருக்கிறது. அந்த எல்லை திடலிலேயே கடக்கப்பட்டுவிட்டால், வீட்டுக்குக் கொண்டுவந்த பின் நாம் எடுக்கும் அக்கறையெல்லாம் வீண் என்பதால், ஒரு திடலை மதிப்பிடும்போது மரங்களின் வடிவத்தைவிட அவை அங்கே இருந்த நாள்களை எப்படிக் கழித்தன என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். நிறத்தை நம்பிப் பயனில்லை. காய்ந்த மரமும் பல நாள் பச்சையாகவே நிற்கும். தவிரவும், ஸ்காட்ஸ் பைன் போன்ற இரகங்கள் இலையுதிர் காலத்தில் மஞ்சளாகிவிடுவதால் வெட்டுவதற்கு முன்பே அவற்றின்மீது பச்சைச் சாயம் தெளிக்கும் வழக்கமும் தோட்டக்காரர்களிடையே உண்டு.

இத்திடலில் முதலில் கவனிக்க வேண்டியது தரை. பெரும்பாலான திடல்கள் வண்டி நிறுத்துமிடத்துத் தார்த்தளத்தின்மீதே அமைகின்றன. தார் பகலில் வாங்கிய வெப்பத்தை மாலையிலும் வெளிவிட்டுக்கொண்டிருப்பதால், அதன்மேல் நேரடியாக நிற்கும் மரம் அடியிலிருந்தும் வாடத் தொடங்கும். இங்கேயும் அடியில் இருப்பது தார்த்தளம்தான், ஆனால் அதன்மேல் மரச்சில்லுகளைக் கணிசமான தடிப்பில் பரப்பி, நனைத்து வைத்திருக்கிறார்கள். அவை சென்ற பருவத்தில் விற்காமல் எஞ்சிய மரங்களை அரைத்து எடுத்த சில்லுகள் என்று பணியாளர் ஒருவர் சொன்னார். கையால் கிளறிப் பார்த்தபோது மேற்பரப்பு உலர்ந்திருந்தாலும் இரண்டு விரற்கடைக்குக் கீழே நல்ல ஈரம் இருந்தது. அந்த ஈரம் மெல்ல ஆவியாகி மரங்களைச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

பின்புறத்துக்கு மேலேயும் மூன்று பக்கங்களிலும் நிழல்வலை கட்டியிருக்கிறார்கள். நான்காவது பக்கத்தில், காற்று வீசும் திசையை மறித்தாற்போல், மரம் ஏற்றிவந்த நீண்ட வண்டிப் பெட்டியை நிறுத்தியிருக்கிறார்கள். இடம் இல்லாததால் அங்கே விட்டார்களோ என்று முதலில் ஐயுற்றேன். கேட்டபோது காற்றுக்காகவே நிறுத்தியதாகத் திட்டவட்டமாகச் சொன்னார்கள். வெயிலைத் தடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றை மறப்பவர்கள்தான் மிகுதி. அசையாத காற்றில் ஊசியிலையை ஒட்டி ஈரமான ஒரு மெல்லிய படலம் தங்கி, மேலும் நீர் வெளியேறுவதை மட்டுப்படுத்தும். வீசும் காற்று அந்தப் படலத்தைத் தொடர்ந்து அடித்துச் சென்றுவிடும். வானம் மூடிக்கிடக்கும் குளிர்நாளில்கூட, உலர்ந்த காற்று விடாமல் வீசினால் மரத்துக்குச் சேதம்தான்.

வலைக்கட்டுகளை வைத்திருக்கும் முறையும் பாராட்டுக்குரியது. கட்டிய மரத்தில் கிளைகள் தண்டோடு ஒடுங்கி ஒன்றையொன்று மூடிக்கொள்வதால், காற்றுக்கும் வெயிலுக்கும் காட்டும் பரப்பு குறைந்து, உள்ளே ஈரம் தங்குகிறது. இதனால்தான் கட்டை அவிழ்க்காமல் வைப்பது நல்லது. ஆனால் அதே கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக உயரமாக அடுக்கி நெடுநாள் விட்டுவிட்டால், ஈரத்தோடு அடுக்கிய வைக்கோற்போர் போல நடுப்பகுதியில் சூடு ஏறி, பூஞ்சை பிடித்து, இலைகள் கொட்டத் தொடங்கிவிடும். இங்கே வண்டியிலிருந்து இறக்கிய அன்றே அடுக்கைக் கலைத்து, ஒவ்வொரு கட்டையும் அடிமரம் கீழே இருக்கும்படி மரச்சட்டங்களில் சாய்த்து நிறுத்துகிறார்கள். கட்டுகளுக்கிடையே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நடுவிலிருந்த சில கட்டுகளுக்குள் கையை விட்டுப் பார்த்தேன்; வெளியே இருந்த அதே குளிர்ச்சிதான் உள்ளேயும் இருந்தது, புழுக்க நாற்றம் எதுவும் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் இவர்கள் இரண்டு வேறு முறைகளைக் கையாள்கிறார்கள். முன்புறத்தில் விரித்து நிறுத்திய மரங்கள் எல்லாம் நீர்க்கிண்ணம் கொண்ட தாங்கிகளில் நிற்கின்றன. நிறுத்துவதற்கு முன் அடிமரத்தில் புதிதாக ஒரு வட்டை அறுத்து எடுத்திருப்பது வெட்டுமுகத்தின் வெளிர்நிறத்திலிருந்தே தெரிந்தது. இது சடங்குக்காகச் செய்யும் வேலையன்று. ஊசியிலை மரங்களின் தண்டில் நீர் ஏறுவது நுண்ணிய இழைச் செல்கள் வழியாக. வெட்டியபின் நீரின்றி விட்டால் அவற்றுக்குள் காற்று புகுந்துவிடுகிறது, வெட்டுமுகத்தின்மேல் பிசினும் படிகிறது. அடைபட்ட பகுதியை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாக அறுத்து நீக்கினால் மரம் மறுபடி நீர் உறிஞ்சும். ஆனால் நீர்மட்டம் வெட்டுமுகத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பழைய கதைதான். தண்டின் குறுக்களவில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 10 சென்டிமீட்டர் தண்டுள்ள மரம் அன்றாடம் 4 லிட்டர் வரை குடிக்கலாம். அந்த அளவு கொள்ளாத சிறு கிண்ணங்களை வைத்துவிட்டுக் காலையில் மட்டும் ஊற்றும் திடல்களில் மாலைக்குள் கிண்ணம் வறண்டுவிடும். இங்கே நான் குனிந்து பார்த்த கிண்ணங்களில் எல்லாம் வெட்டுமுகம் நன்றாக மூழ்கியிருந்தது.

பின்புறத்துக் கட்டுகளுக்குக் கிண்ணம் இல்லை. குளிர்ந்த நிழலில், கட்டு அவிழாமல் இருக்கும் மரத்துக்கு அது குறையும் அன்று. அவற்றுக்கு மாலை சாய்ந்த பிறகு குழாயால் மேலிருந்து நீர் தெளிக்கிறார்கள். நண்பகலில் தெளித்தால் சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும்; மாலையில் தெளித்தால் இரவு முழுதும் இலைகள் நனைந்தே கிடக்கும். உறைபனி எதிர்பார்க்கப்படும் இரவுகளில் தெளிப்பதை அறவே நிறுத்திவிடுகிறார்கள், ஏனெனில் கிளைகளில் படியும் பனிக்கட்டியின் பாரம் அவற்றை முறித்துவிடும். அத்தகைய ஓர் இரவுக்கு அடுத்த காலையில் நான் சென்றிருந்தபோது, பிடித்திருந்த ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டச் சொன்னேன், பணியாளர் மறுத்துவிட்டார். உறைந்த கிளைகள் விரியும்போது ஒடிந்துவிடும் என்றும், கொட்டகைக்குள் வைத்துப் பனி இளகிய பின்னர்தான் வலையை அறுக்க முடியும் என்றும் விளக்கினார். காத்திருக்க மனமில்லாத வாடிக்கையாளரை இழக்கத் துணியும் கடைகள் மிகச் சில. அந்த மறுப்பே எனக்கு இத்திடலின்மீது நம்பிக்கையை உண்டாக்கியது எனலாம்.

சரக்கு வரவழைக்கும் முறையிலும் சிந்தனை தெரிகிறது. பருவம் முழுவதற்கும் தேவையான மரங்களை நவம்பரில் ஒரே தவணையாக இறக்கிவிட்டால் ஏற்றுகூலி மிச்சமாகும். ஆனால் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் விற்கும் மரம் வெட்டப்பட்டு ஒரு மாதத்துக்கு மேலாகியிருக்கும். இவர்கள் பல தவணைகளாகப் பிரித்து வரவழைத்து, ஒவ்வொரு கட்டிலும் திடலுக்கு வந்த நாளைக் குறித்த சீட்டைத் தொங்கவிடுகிறார்கள். சீட்டில் வெட்டிய நாள் இல்லை என்பது குறைதான். எனினும் கேட்டால், தோட்டத்தில் எந்த வாரம் வெட்டப்பட்டது என்பதை ஏட்டைப் பார்த்துச் சொல்கிறார்கள். பதில் சொல்லத் தயங்கவோ மழுப்பவோ இல்லை.

இரகங்களைப் பொறுத்தவரை, வடகரோலினா மலைப்பகுதியிலிருந்து வரும் ஃப்ரேசர் ஃபிரும் ஓரிகனிலிருந்து வரும் நோபிள் ஃபிரும்தான் சரக்கின் பெரும்பகுதி. இவ்விரண்டும் ஈரத்தையும் இலையையும் நெடுநாள் தக்கவைப்பவை என்பதில் ஆய்வாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. டக்ளஸ் ஃபிர் ஓரளவுதான் தாங்கும். நல்ல மணமுள்ள பால்சம் ஃபிரும் கொஞ்சம் இருந்தது. அதன் இலை உதிர்வுக்கு நீர்த்தட்டுப்பாடு மட்டுமே காரணமன்று. வெட்டப்பட்ட பின் மரம் தானே வெளியிடும் எத்திலீன் வாயுவும் உதிர்வைத் தூண்டுகிறது என்று கனடிய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வாழைப்பழத்தைக் கனியவைக்கும் அதே வாயுதான். ஆதலால் பால்சத்தைப் பொறுத்தவரை கடைக்காரரின் கவனிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. நார்வே ஸ்புரூஸ் எவ்வளவு பேணினாலும் விரைவில் கொட்டிவிடும் இரகம். அதை ஏன் விற்கிறார்கள் என்று கேட்டேன், கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள்.

வாங்குவதற்கு முன் வழக்கமான சோதனைகளைச் செய்து பார்த்தேன். கிளையின் நுனியைப் பிடித்துக் கையை மெல்ல இழுத்தபோது பச்சை ஊசிகள் கையோடு வரவில்லை. அடிமரத்தைத் தரையில் ஓங்கித் தட்டியபோது உட்புறத்திலிருந்து பழுப்பு ஊசிகள் கொஞ்சம் விழுந்தன. அவை கடந்த ஆண்டுகளின் பழைய இலைகள், மரம் நிற்கும்போதே உதிர்ந்திருக்க வேண்டியவை என்பதால் கவலைக்கு இடமில்லை. வெளிப்புறத்துப் பச்சை ஊசிகள் விழுந்தால்தான் வேறு மரம் பார்க்க வேண்டும். ஃபிர் ஊசியை மடித்தால் புதியது பட்டென்று ஒடியும், பைன் ஊசியோ புதியதாக இருந்தால் வளையுமே தவிர ஒடியாது. இந்த வேறுபாட்டை அறியாமல் நல்ல ஃபிரைக் காய்ந்தது என்று ஒதுக்கிவிட்டுப் போன ஒருவரையும் அங்கே கண்டேன். பின்புறத்திலிருந்து எடுத்துவந்து அவிழ்த்த மரங்கள் எதுவும் இச்சோதனைகளில் தோற்கவில்லை. முன்புறத்தில் விரிந்து நின்ற நோபிள் ஃபிர் ஒன்றில் மட்டும், வெயில் பட்ட பக்கத்துக் கிளைகள் சற்றுச் சுரசுரப்பாக இருந்தன. முன்புற மரங்களைச் சில நாளுக்கொருமுறை மாற்றுகிறோம் என்றார்கள். அந்த மரத்தை மாற்ற வேண்டிய நாள் கடந்துவிட்டிருந்தது என்பது என் எண்ணம்.

இனிக் குறைகள். கல்லாவை ஒட்டிய மேசையில், மரத்தண்ணீரில் கலப்பதற்கான சத்துப்பொடியும், இலைகளின்மீது தெளித்தால் ஈரம் போகாமல் காக்கும் என்ற உறுதிமொழியோடு ஒரு தெளிப்பு மருந்தும் விற்கிறார்கள். வெறும் தண்ணீரே போதும் என்பதும், இத்தகைய தெளிப்புகளால் நீர் வெளியேறும் வேகம் குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை என்பதும் இத்துறையில் நன்கு அறியப்பட்டவை. பின்புறத்தில் இவ்வளவு அறிவோடு நடந்துகொள்பவர்கள் தங்கள் கட்டுகளுக்கு அந்த மருந்தைத் தெளிப்பதில்லை என்பதை நான் கவனித்தேன். தங்களுக்கு வேண்டாத பொருளை வாடிக்கையாளருக்கு மட்டும் எதற்காக விற்க வேண்டும்?

அடிமரத்தின் நடுவில் துளையிடும் இயந்திரம் ஒன்றும் இருக்கிறது. முள்பொருத்திய தாங்கி வைத்திருப்பவர்களுக்கு மரம் நேராக நிற்க அது உதவும், அதில் தவறில்லை. ஆனால் துளை வழியாக நீர் கூடுதலாக ஏறும் என்று இளம் பணியாளர் ஒருவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். துளையிடுவதால் நீர் உறிஞ்சும் அளவு கூடுவதில்லை. இதைவிடத் தீங்கானது, தாங்கியில் நுழையாத தண்டின் பட்டையைச் சீவித்தருவதாக அவரே முன்வந்தது. நீரை மேலே கொண்டுசெல்லும் வேலையைச் சிறப்பாகச் செய்வது பட்டையை அடுத்துள்ள வெளிவட்டத்து மரம். நடுப்பகுதியைவிட அதுவே முதன்மையானது. அதைச் சீவி எறிந்துவிட்டால், திடல் பல நாள் அரும்பாடுபட்டுக் காத்த ஈரத்தை வாசலிலேயே இழப்பதாகும். பெரிய தாங்கி வாங்கச் சொல்வதே முறை. பின்புறத்தில் வேலை செய்பவர்களுக்கு இருக்கும் தேர்ச்சி முன்புறத்தில் அறுப்பவர்களுக்கும் கற்பிக்கப்பட வேண்டும்.

மேசைமீது வைக்கும் சிறுமரங்களும், கிளைகளால் பின்னிய வளையங்களும் கல்லாக் கொட்டகைக்குள், சூடேற்றும் கருவிக்கு அருகிலேயே இருந்தன. தண்டு இல்லாத வளையங்கள் நீர் உறிஞ்ச வழியற்றவை என்பதால் அவற்றுக்குத்தான் குளிர்ச்சியும் ஈரமும் எல்லாவற்றையும்விட மிகுதியாகத் தேவை. நான் தொட்டுப் பார்த்த வளையம் ஒன்றிலிருந்து ஊசிகள் கொட்டின. அங்கே வளையம் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விற்பனையின்போது அடிவெட்டைக் கேட்காமலே செய்து தருகிறார்கள். தண்டுக்குச் செங்குத்தாக, சாய்வில்லாமல் அறுக்கிறார்கள். சாய்வாகவோ ஆப்பு வடிவிலோ வெட்டினால் தாங்கியில் நிற்பதும் கடினம், வெட்டுமுகம் முழுதும் நீரில் மூழ்குவதும் கடினம். அறுத்த பிறகு 6 முதல் 8 மணி நேரத்துக்குள் நீரில் நிறுத்திவிட்டால் போதும் என்றும், அதற்கு மேல் தாமதமாகும் என்றால் வீட்டில் அறுத்துக்கொள்ளும்படியும் சொன்னார்கள். மறுபடி வலைக்குள் இழுத்துக்கட்டி, வண்டியின் கூரைமேல் அடிமரம் முன்னோக்கி இருக்கும்படி வைத்துக் கட்டித் தந்தார்கள். அவ்வாறு வைத்தால் எதிர்க்காற்று கிளைகளை வளைக்காமல் தழுவிச் செல்லும். நெடுந்தூரம் போகிறவர்களுக்கு மேலே போர்த்திக்கொள்ளப் பழைய தார்ப்பாய் கொடுக்கிறார்கள். விரைவுச்சாலையில் ஒரு மணி நேரம் அடிக்கும் காற்று திடலில் பல நாள் தடுத்த காற்றுக்கு ஈடானது என்பதால் இதைச் சிறிய உதவியாக எண்ண முடியாது.

நான் வாங்கியது ஃப்ரேசர் ஃபிர். முதல் நாளில் கிண்ணத்தை மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டியிருந்தது, பின்னர் படிப்படியாகக் குறைந்தது. சூடேற்றும் கருவியிலிருந்து விலக்கி, வெப்பம் அதிகம் வெளியிடாத எல்.இ.டி. விளக்குகளை மட்டும் சுற்றியிருந்தோம். புத்தாண்டு கழிந்து மரத்தை வெளியே கொண்டுபோனபோதும் ஊசிகள் நெகிழ்வாகவே இருந்தன.

மரத்தை நாலாபுறமும் சுற்றிப் பார்த்து, பத்து மரங்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க விரும்புபவர்களுக்கு இத்திடல் பொறுமையைச் சோதிக்கும்; ஒரே நேரத்தில் மூன்று கட்டுகளுக்கு மேல் அவிழ்த்துக் காட்டுவதில்லை, விடுமுறை நாள்களில் வரிசையும் நீளும். வார நாளில், புதிய தவணை இறங்கியதற்கு மறுநாள் செல்வது நல்லது. எந்த நாளில் வண்டி வரும் என்று தொலைபேசியில் கேட்டால் சொல்கிறார்கள். வேண்டிய உயரத்தையும் இரகத்தையும் முதலிலேயே சொல்லிவிட்டு, முன்புறத்தில் விரிந்து நிற்பதைக் காட்டினால் பணிவாக மறுத்து, சீட்டில் நாளைப் பார்த்துப் பின்புறத்திலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள்.